இருபத்திரண்டு புள்ளிகள்

திரையில் இருந்த ஆலாப் பறவையின் வலது காலில் ஒரு விரல் கூடுதலாக இருந்தது. அலகு ஆரஞ்சு மஞ்சளில் பளபளத்தது, தலை கன்னங்கரேலென்று இருந்தது, இறக்கையின் ஓரத்தில் ஒவ்வொரு இழையையும் எண்ணிவிடலாம். இத்தனையும் சரியாக இருந்த இடத்தில் கால் மட்டும் தப்பு. அரவிந்தவல்லி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு அசல் படத்தைப் பக்கத்தில் திறந்து பார்த்தாள். அசலில் கால் என்றே ஒன்று இல்லை. சிவப்பாக ஆறேழு சதுரப் புள்ளிகள், அவ்வளவுதான்.

"ஒரு விரல் கூடப் போட்டிருக்கு," என்றாள்.

லக்ஷ்மிகாந்த் காபி டம்ளரோடு வந்து மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இருந்துட்டுப் போறது. அந்த ஆலாவா வந்து கேக்கப்போறது?"

"நான் கேப்பேன். நாலு வருஷமா ஞாயித்துக்கிழமையானா கொள்ளிடத்துல போய் நிக்கறேள். பறவைக்கு எத்தனை விரல்னு கூடவா தெரியாது?"

"தெரியும். அதைச் சொல்லத்தான் நீ இருக்கியே," என்று சிரித்துவிட்டுப் போனார்.

மன்னார்புரத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை அவருக்கு. லென்ஸ் சின்னது, கொள்ளிடம் பெரியது. பறவை மணல் திட்டின் அந்தக் கோடியில் நிற்கும்; இவர் இந்தக் கோடியிலிருந்து எடுப்பார். வீட்டுக்கு வந்து படத்தின் பெரும்பகுதியை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது நகத்தளவு மூலை. அந்த மூலையை மென்பொருளிடம் கொடுத்துப் பெரிதாக்கித் தெளிவாக்கி வாங்குவது அரவிந்தவல்லியின் வேலை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் என்பதால், இந்த மென்பொருள் படத்துக்குள்ளிருந்து எதையும் தோண்டி எடுப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்துப் புள்ளிகளைப் பார்க்கும், முன்பு பார்த்த லட்சக்கணக்கான படங்களை வைத்துக்கொள்ளும், காலியான இடத்தைத் தானாக நிரப்பிவிடும். அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஒரே ஒரு தடவைதான் பெரிதாக்க வேண்டும். காமிரா பார்க்காததை மென்பொருள் பார்த்ததாகச் சொன்னால் அழித்துவிட வேண்டும். அன்றைக்கும் ஆலாவின் காலை அழித்து மணலோடு சேர்த்துவிட்டுத்தான் எழுந்தாள். அது சனிக்கிழமை.

மறுநாள் விடிகாலையில் லக்ஷ்மிகாந்த் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, நீலக் கட்டம் போட்ட சட்டையோடு கிளம்பினார். பறவை பார்க்கப் போகிறவனுக்கு நாமம் எதற்கு, அந்த வெள்ளையைப் பார்த்தே நாரையெல்லாம் எழுந்து ஓடிவிடும் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. நெற்றியில் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்பாக ஸ்ரீசூர்ணம், மூக்கின் மேல் சின்னதாக இறங்கும் பாதம். அந்த வீட்டு ஆண்கள் இட்டுக்கொள்ளும் தென்கலை நாமம் அப்படித்தான் இருக்கும். முக்கொம்பு அணையில் தண்ணீர் திறக்கப்போவதாக முந்தின நாளே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போயிருந்தார்கள். "நான் எட்டுக்கெல்லாம் கரையேறிடுவேன்," என்றார். தண்ணீர் எட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

கூடப் போயிருந்தவர் ஜேக்கப், அதே அலுவலகத்துக்காரர். அவர் பஞ்சக்கரைப் பக்கம் கரையிலேயே நின்றுவிட்டார். லக்ஷ்மிகாந்த் திட்டின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பிறகு நாரைக் கூட்டம் ஒன்று மேலே எழும்பியது, காமிராவை அந்தப் பக்கம் திருப்பினார். திரும்பப் பார்த்தபோது திட்டையே காணோம்.

இரண்டு நாள் தேடினார்கள். அரவிந்தவல்லி கரையிலேயே நின்றாள். செம்மண் நிறத்தில் சுழித்துப் போகும் தண்ணீரையும், அதில் வந்த வாழைமரத்தையும், செருப்பையும், அறுந்த வலையையும் பார்த்துக்கொண்டே நின்றாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தீயணைப்பு அதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னார். "இன்னிக்குச் சாயந்தரத்தோட படகை வேற இடத்துக்கு அனுப்பியாகணும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

ஜேக்கப் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று ஒரு பென் டிரைவை நீட்டினார்.

"சிஸ்டர், அன்னிக்கு அவரைத் தேடி அந்தக் கரையைப் பாத்து எடுத்த படத்துல ஒண்ணு பாத்தேன். எட்டு நாப்பதுக்கு எடுத்தது. அந்தக் கரையோரம் கோரைக்குள்ள யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. அவரா இருந்தா, தண்ணி வந்ததுக்கு அப்புறமும் நின்னிருக்காரு. அந்தப் பக்கம் தேடச் சொல்லலாம். எனக்குச் சரியா தெரியல. நீங்கதான் இதுல கெட்டிக்காரி."

படத்தின் மேல் மூலையில் கறுப்பாக ஒரு கீறல். எண்ணினாள். உயரத்தில் இருபத்திரண்டு புள்ளிகள், அகலத்தில் ஏழு.

எட்டு வயது ஜாஹ்னவி பக்கத்து வீட்டு பானுமதி மாமியிடம் இருந்தாள். வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அரவிந்தவல்லி மூலையை வெட்டி மென்பொருளில் போட்டாள். சனிக்கிழமை ஆலாவுக்காக அதில் வைத்த 'வனவிலங்கு' என்ற அமைப்பு அப்படியே இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. ஒரு தடவை பெரிதாக்கினாள். கீறலுக்குத் தோள் மாதிரி ஒன்று வந்தது. இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அது அவளுக்கே தெரியும். மணி இரண்டரை. ஐந்து மணிக்குப் படகு போய்விடும்.

இன்னொரு தடவை. தோளுக்கு மேல் உருண்டையாகத் தலை. இன்னொரு தடவை. உடம்பில் நீலம் கசிந்தது, நீலத்தில் கட்டம் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் மென்பொருள் நான்கு விதமாகக் காட்டி எது வேண்டும் என்று கேட்டது. அவள் அவரைப் போல இருப்பதைத் தேர்ந்தெடுத்தாள். மறுபடி நான்கு, மறுபடி அவரைப் போல ஒன்று. ஏழாவது தடவையில் நெற்றியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் எழுந்தன. அதைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதுவிட்டாள். மூக்கின் மேல் பாதம் இல்லை. கண்ணில் படத்தான் செய்தது. இவ்வளவு சின்னப் படத்தில் பாதம் எங்கே தெரியப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பாள்.

படத்தை அச்செடுத்துக்கொண்டு எழுந்தபோது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. வேட்டியின் கரை மட்டும் நனைந்திருந்தது. பின்னாலிருந்து வெயில் அடித்ததில் முகம் சரியாகத் தெரியவில்லை. "அரவிந்தா," என்றார். அவள் அப்படியே அவர் மேல் விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பேண்ட் போட்டுக்கொண்டு போனார் என்பது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

தெருவே வந்தது. பானுமதி மாமி பெருமாளுக்குத் தளிகை சமர்ப்பிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம், கண்ணைத் துடைத்துக்கொண்டே கோயிலுக்கு ஓடினாள். ஜேக்கப் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே கரை ஏறினீர்கள், எங்கே தங்கினீர்கள் என்று எல்லாரும் கேட்டதற்கு அவர் "அந்தக் கரையில" என்று மட்டும் சொன்னார். அதிர்ச்சி, தொந்தரவு செய்யாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு ரெங்கராஜ் போனில் சந்தோஷப்பட்டுவிட்டுக் கோப்பை மூடினார்.

புதன்கிழமை காலையில் காபியை நீட்டும்போது சட்டைக் கையைப் பார்த்தாள். தோளில் கிளம்பிய நீலக் கோடுகள் முழங்கை வரை ஒழுங்காக வந்தன. அங்கே ஒரு கோடு வளைந்து இன்னொன்றுக்குள் புகுந்துவிட்டது. இன்னொன்று பாதியில் நின்றது. துணி பழசாகிவிட்டால் சாயம் இப்படி இறங்கும் என்று நினைத்தாள். தொட்டுப் பார்த்தாள். துணி புதுசு.

அவரிடம் வாசனையே இல்லை. ஆற்று வாடையோ, வியர்வையோ, தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயோ, எதுவும் இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவள் தலையணையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஒரு அடி தள்ளியிருந்து பார்த்தால் அவரேதான். கிட்டப் போனால் கன்னத்தில் தோலுக்குப் பதில் மெல்லிய இழைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, கீழ்நோக்கிப் படிந்திருந்தன. கூப்பிட்டால் முகத்தை நேராகத் திருப்பமாட்டார். பக்கவாட்டில் திருப்பி ஒரே கண்ணால் பார்ப்பார். அந்தக் கண்ணில் சன்னல் வெளிச்சம் வட்டமாக, ரொம்ப அழகாக விழுந்திருக்கும். விளக்கில்லாத சமையலறையிலும் அது அப்படியே விழுந்திருந்தது.

வியாழக்கிழமை திருமண் இட்டுக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். மூக்கின் மேல் பாதம் இல்லை. இருபது வருஷமாகக் கை தானாக இழுக்கிற கோடு அது. அரவிந்தவல்லி சாத்தமுதைப் பரிமாறிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"பாதம் விட்டுப்போச்சே. இட்டுக்கலையா?"

அவர் ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பாதம் இருந்தது. மூக்கின் மேட்டில் நிற்காமல் நுனி வரை இறங்கி, மேலுதட்டைத் தாண்டி, வாய்க்குள் போயிருந்தது. அவள் துண்டை எடுத்துத் துடைக்கப் போனாள். துடைத்தும் போகவில்லை. அது இட்டுக்கொண்ட நாமம் இல்லை. தோலே அங்கே வெள்ளையாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் நிரம்பிவிடும் என்று புரிந்துபோயிற்று. காது மடலில் மடிப்பே இல்லாததைப் பார்த்தாள், சொல்லவில்லை. சாதத்தைப் பிசையும்போது மோதிர விரலும் சுண்டுவிரலும் பிரியாமல் சேர்ந்தே போவதைப் பார்த்தாள். அதையும் சொல்லவில்லை.

ஆனால் குழந்தை சொல்லிற்று. "அம்மா, அப்பாவோட கழுத்து மச்சத்தைக் காணோம். நான் அப்பாட்ட சொல்லிட்டேன். தேடித் தரேன்னார்."

"எப்போ சொன்னே?"

"நேத்திக்கு. அப்பா என்னைக் கிட்டக்க கிட்டக்க வெச்சுண்டு பாத்துண்டே இருந்தார். மூக்கும் மூக்கும் இடிச்சுது." ஜாஹ்னவிக்குச் சிரிப்பு வந்தது.

அவர் கழுத்தில் மச்சம் வந்திருந்தது. அவருடைய பெரிய மச்சம் இல்லை இது. எள் போலச் சின்னது. அரவிந்தவல்லி மகளை மடியில் இழுத்துப் போட்டுத் தாடையைத் தூக்கிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தாடைக்குக் கீழே இருந்த எள்ளளவு மச்சம் அங்கே இல்லை. இடம் வழவழவென்று இருந்தது. முழங்காலில் போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்த காயம் இருந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துத்தான் காலி இடத்தை நிரப்பும் என்று வகுப்பில் அவளே பாடம் நடத்தியிருக்கிறாள்.

அவர் குளிக்கப் போன சமயம் பார்த்துக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஜேக்கப் கொடுத்த பென் டிரைவில் அந்த ஒரு படம் மட்டும் இல்லை. அன்று காலை முழுக்க எடுத்தது எல்லாம் இருந்தது, முந்தின வாரம் எடுத்ததும் இருந்தது. அதே மூலையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எட்டு நாற்பது: கறுப்புக் கீறல். எட்டு ஐந்து: கறுப்புக் கீறல், அதே இடம். ஏழு பத்து, தண்ணீர் வருவதற்கு முன்னால், லக்ஷ்மிகாந்த் திட்டின் நடுவில் தெளிவாக உட்கார்ந்திருக்கும்போதே, அந்தக் கரையில் அதே கீறல். முந்தின ஞாயிற்றுக்கிழமை படத்தில் ஜேக்கப் அந்தக் கரைக்கே போய் ஒரு மீன்கொத்தியை எடுத்திருந்தார். மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது ஒரு மூங்கில் கழியின் மேல். கழியில் கறுப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது. யாரோ வலைக்காரர் அடையாளத்துக்கு நட்ட கழி.

அங்கே மனிதனே இருந்ததில்லை.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. நடுவில் சொம்பு வைக்கும் சத்தமோ இருமலோ எதுவும் இல்லை. அவள் அச்செடுத்த தாளைக் கிழித்தாள். மென்பொருளில் இருந்த படத்தை அழித்தாள். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவு திறந்தது. அது வெளியே வந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து அவளைப் பார்த்தது.

"என்ன தேடறே, அரவிந்தா?"

"ஒண்ணுமில்லை."

அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. அது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவர் குரலில் அவள் பேரைச் சொன்னது. காலி நாற்காலியைவிட இது தேவலை என்று மனசின் ஒரு மூலை சொல்லிற்று. அந்த மூலையை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் அருவருப்பாகவும் இருந்தது. ஆனாலும் ஜாஹ்னவியைத் தன் பக்கத்தில் படுக்கவைத்து, நடுவில் தலையணைகளை அடுக்கி, விடிகிற வரை அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஏட்டு ரெங்கராஜ் போன் செய்தார்.

"அம்மா, ஒண்ணும் பதறாதீங்க. லால்குடிப் பக்கம் படுகையில ஒரு பாடி ஒதுங்கியிருக்கு. சட்டைப் பையில உங்க வீட்டுக்காரரோட ஆபீஸ் கார்டு இருக்கு. அவருதான் வந்துட்டாரே, பர்ஸை எவனாவது எடுத்திருப்பான்னு நினைக்கிறேன். அவரையே ஒரு எட்டு அனுப்புங்க. பாத்துச் சொல்லிட்டா எழுதி முடிச்சிடுவேன்."

"நானே வரேன்," என்றாள்.

அது கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பானுமதி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னவென்று சொல்வது? என் ஆத்துக்காரர் என் ஆத்துக்காரர் இல்லை என்று சொன்னால் மாமி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பாள். "நான் வர வரைக்கும் இவ இங்கயே இருக்கட்டும், மாமி," என்றாள். "அதுக்கென்ன, பட்சணம் பண்ணியிருக்கேன், சமர்த்தா இருப்பா," என்றாள் மாமி. ஜேக்கப் காரோடு வந்தார். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரிப் பின்கட்டில் பினாயிலும் ஈரச் சாக்கும் கலந்த வாடை. ஆறு நாள் தண்ணீர். முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. ஜேக்கப் ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே ஓடிவிட்டார். அரவிந்தவல்லி முகத்தைப் பார்க்கவில்லை. பேண்ட்டின் வலது பையை உள்ளே வெளியாகத் திருப்பச் சொன்னாள். பை கிழிந்த இடத்தில் காவி நூலால் தைத்திருந்தது. நீல நூல் தீர்ந்துபோய், உள்ளேதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவள்தான் தைத்தாள். கோணல்மாணலான தையல். அந்த வாடையெல்லாம் தாண்டி, மண்டிபோட்டு, அந்தத் துணியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவருக்கு எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நினைத்து அழுதாள். நாலு நாளாக அவரைத் தனியே விட்டுவிட்டு வேறு எதற்கோ சாதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ரெங்கராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாவை மூடித் திறந்தார். "இது உங்க வீட்டுக்காரரா?"

"ஆமாம்."

"அப்போ வீட்ல இருக்கிறவரு?"

அவள் பானுமதி மாமிக்குப் போன் செய்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. நாலாவது தடவை எடுத்தாள்.

"ஜானு எங்கே, மாமி?"

"அவ அப்பா வந்து கூட்டிண்டு போயிட்டாரேடி. எனக்குக் குழந்தையைத் தேடறதுன்னார். பாவமா இருந்தது. ஏன், என்ன ஆச்சு?"

கார் லால்குடி ரோட்டில் பறந்தது. டோல்கேட்டில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஜேக்கப் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே தண்ணீர் வடிந்து மணல் திட்டுகள் வெளியே தெரிந்தன. அவள் வீட்டு எண்ணுக்குப் போன் செய்தாள். எடுக்கப்பட்டது. அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. மூச்சு கேட்டது. ஒரு மூச்சுதான்.

வீடு இருந்த வடக்கு அடையவளஞ்சான் தெருவில் கார் நிற்பதற்குள் குதித்தாள். மாடிப்படி. இரண்டாம் மாடி. கதவு திறந்தே இருந்தது.

கூடத்தில் விளக்கு இல்லை. கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் மட்டும். மழைக்கு முந்தின இருட்டு சன்னலில் நின்றது. அது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மடியில் ஜாஹ்னவி. கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி. ஆடாமல். அசையாமல்.

"ஜானு," என்றாள். மறுபடி கூப்பிட்டாள். "ஜானு, அம்மாகிட்ட வா."

குழந்தை திரும்பவில்லை.

அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது. சூடாக இருந்தது, உயிரோடு இருந்தது, அவள் விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தோள் வந்தது.

கன்னம் வரவில்லை.

இழுத்த இழுப்பில் இரண்டு தலையும் சேர்ந்து சாய்ந்தன. அவள் நடுவில் விரலை விட்டுப் பிரிக்கப் பார்த்தாள். விரல் நுழைய இடம் இல்லை. கோடு இல்லை. குழந்தையின் கன்னம் எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது. தெரியவில்லை. ஒரே தோல். வழவழவென்று, தெளிவாக, கீழ்நோக்கிப் படிந்த மெல்லிய இழைகளோடு, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும்.

"இழுக்காதேம்மா," என்றது ஜாஹ்னவியின் குரல். இரண்டு வாயும் அசைந்தன.

பிறகு அந்த முகம், இரண்டும் சேர்ந்த முகம், மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. கண்ணில் வெளிச்சம் வட்டமாக விழுந்திருந்தது. காலியாக இருந்த இன்னொரு பக்கத்துக் கன்னத்தை அவளை நோக்கித் திருப்பியது.

"நீ தள்ளி நிக்கறே, அரவிந்தா. சரியாத் தெரியல," என்றது. "கிட்ட வா."

ஜாஹ்னவியின் கை அவள் விரலை விடவே இல்லை. அவளைக் கீழே இழுத்தது.